நிற்க என்னும் ஆணை

நெல் விளையும் கழனியில் களையும் விளைகின்றது. விதைத்தவர் ஒருவர்; விதையாது முளைப்பன பல. களை பறிக்கும் உழத்தியர் பயிரையும் களையையும் நொடியிற் பிரித்தறியும் கண்ணுடையர். அக்கண் இல்லாதவர் கழனியில் இறங்கின், களையோடு பயிரும் போகும். கணினியும் ஒரு கழனியே. நாம் ஏவிய வேலை ஒன்றாக, நாம் அறியாமலே அதனுள் நடைபெறும் வேலைகள் பலவாகின்றன. அவற்றுள் வேண்டுவன எவை, வேண்டாதன எவை என்று தெளிந்து, வேண்டாதவற்றை முறையாக நிறுத்துவது எங்ஙனம் என்பதை இப்பாடத்திற் காண்போம்.

ஊரும் கருவியும்

சென்னையின் தென்பால், திருவான்மியூரை அடுத்துக் கடலோரத்தில் அமைந்த ஊர் கொட்டிவாக்கம். கிழக்கே வங்கக் கடல். கரையில் மீனவர் குப்பம். மேற்கே இராசீவ் காந்தி சாலை. அச்சாலையின் தொடக்கத்தில், தரமணியில், 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற டைடல் பூங்கா ஓங்கி நிற்கின்றது. கொட்டிவாக்கம் 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. கடலில் வலை வீசுவோரும் கணினியில் வேலை செய்வோரும் அடுத்தடுத்து வாழும் ஊர் அது.

அதே 2011-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள், மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. அம்மடிக்கணினிகளில் விண்டோசு என்னும் இயங்குதளத்தோடு பாஸ் என்னும் இயங்குதளமும் வைத்து வழங்கப்பெற்றது. பாஸ் என்பது பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். இலினக்சை அடிப்படையாகக் கொண்ட இவ்வியங்குதளத்தை உருவாக்கி 2007-இல் வெளியிட்டது, சி-டாக் என வழங்கும் நடுவணரசு நிறுவனத்தின் சென்னைக் கிளையாகும். எனவே நாம் சொல்லப் புகும் செய்தி அயலூர்க் கதை அன்று. நம் பக்கத்தில் விளைந்து, நம் மாணவர் கைக்கு வந்த கருவியைப் பற்றியதே ஆகும்.

அத்தகைய மடிக்கணினி ஒன்று, அக்காளிடமிருந்து தம்பிக்கு வந்து, ஆண்டுகள் பல கடந்தும் ஒரு வீட்டில் பயன்படுவதாகக் கொள்வோம். அதன் நினைவகம் 2 ஜிபி அளவினதே. கல்லூரியிற் சேர்வதற்கான விண்ணப்பத்தை நிரப்ப அதனைத் திறக்கின்றான் தம்பி. கடைசி நாள், இன்னும் ஒரு மணி நேரமே உள்ளது. கணினியோ ஆமையென நகர்கின்றது. புதியதொன்று வாங்கப் பொருளில்லை. இந்நிலையில் கருவியின் உள்ளே நடப்பதை அறிந்தவன் தன் வேலையை முடிப்பான். அறியாதவன் விசையை அழுத்தி அணைத்துவிட்டு, எழுதியதையும் இழப்பான். ஓராண்டுப் படிப்பே இவ்வறிவைச் சார்ந்து நிற்றலும் உண்டு.

கணினி தளர்வது ஏன்?

ஏட்டில் எழுதிக் கிடக்கும் நிரல் உறங்கும் எழுத்தே. அது நினைவகத்தில் ஏறி இயங்கத் தொடங்கியதும் செயல்முறை எனப் பெயர் பெறும்; பிராசஸ் என ஆங்கிலத்தார் வழங்குவர். ஒவ்வொரு செயல்முறைக்கும் கணினி ஓர் எண் தருகின்றது. ஒரு செயல்முறை மற்றொன்றைத் தோற்றுவிக்கும். தோற்றுவித்தது தாய், தோன்றியது சேய். எல்லாவற்றிற்கும் மூலமாய் நிற்பது ஒன்று என்னும் எண்ணுடைய செயல்முறை. தாய் முன்னரே முடிந்துவிடின், அநாதையான சேயை அம்மூலச் செயல்முறை பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

திரையில் தோன்றாமல் பின்புலத்தில் இயங்கும் செயல்முறைகளை டீமன் என்பர். இப்பெயர் 1963 அளவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றியது. சேம்சு கிளார்க்கு மாக்சுவெல் என்னும் அறிஞர் கற்பனை செய்த, கண்ணுக்குத் தெரியாது ஓயாமல் உழைக்கும் ஒரு சிறு பூதத்தை எண்ணி அப்பெயரை இட்டனர். பூதம் என்றவுடன் நமக்குப் புகார் நகரத்துச் சதுக்கப் பூதம் நினைவுக்கு வரும். சிலப்பதிகாரம் காட்டும் அப்பூதம் ஊரைக் காப்பது, தீயோரை ஒறுப்பது. கணினிப் பூதங்களும் பெரும்பாலும் காவற் பூதங்களே. வலையிணைப்பைக் காப்பது ஒன்று. நேரத்தைச் சரிசெய்வது ஒன்று. ஒலியை நடத்துவது ஒன்று. எனவே பின்புலத்தில் இயங்குவதெல்லாம் பகை என்று கருதுதல் பெரும் பிழை.

அங்ஙனமாயின் தளர்ச்சி எங்கிருந்து வருகின்றது? வழிகள் இரண்டு. செயலகம் தன் நேரத்தை நொடியின் சிறு கூறுகளாக்கி, வேலை கேட்கும் செயல்முறைகளுக்கு மாறிமாறி அளிக்கின்றது. வேலை கேட்போர் மிகுந்தால் ஒவ்வொருவர்க்கும் கிடைக்கும் பங்கு குறையும். இது முதல் வழி. இரண்டாவது நினைவக நெருக்கடி. வேலையின்றி உறங்கும் செயல்முறை செயலகத்தின் நேரத்தை உண்பதில்லை. ஆனால் நினைவகத்தில் இடம் பிடித்திருக்கும். இடம் தீர்ந்ததும் இயங்குதளம் சில பகுதிகளை வட்டுக்கு மாற்றி, வேண்டும்போது மீட்டுக் கொணரும். நினைவகத்தை நோக்க வட்டு மிக மந்தமானது. ஆகலின் கணினி வேலை செய்வதினும் மூட்டை சுமப்பதிலேயே பொழுது போக்கும். இடம் முற்றும் தீர்ந்துவிடின், இலினக்சு தானே ஒரு செயல்முறையைத் தேர்ந்து வீழ்த்தும். அது வீழ்த்துவது நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையாகவும் இருக்கலாம்!

ஓடும் பருப்பும்

தேங்காயின் உள்ளே பருப்பு, புறத்தே ஓடு. இயங்குதளத்தின் நடுவே நின்று நினைவகத்தையும் செயலகத்தையும் ஆள்வது கெர்னல் என்னும் பருப்பு. அதனைச் சூழ்ந்து நின்று, மனிதர் தட்டும் சொற்களை வாங்கி உரிய நிரல்களை இயக்குவது ஷெல் என்னும் ஓடு. யூனிக்சு என்னும் இயங்குதளம் 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிசு ரிச்சி ஆகியோரால் தொடங்கப்பெற்றது. 1979-இல் அதனோடு வெளிவந்த ஷெல்லை இயற்றியவர் சுடீபன் போர்ன். பிரயன் பாக்சு 1989-இல் அதன் வழியில் பாசு என்னும் புதிய ஷெல்லை அளித்தார். ஒலியில் நெருங்கினும் அது நம் பாஸ் இயங்குதளத்தின் வேறானது. 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினசு டோர்வால்ட்சு இலினக்சு என்னும் கெர்னலை வெளியிட்டார்.

ஷெல்லின் மொழியைத் தமிழ் இலக்கணம் கற்றவர் எளிதில் உணரலாம். அஃது ஏவல் வினைகளால் ஆகிய மொழி. 'பார்', 'தேடு', 'காத்திரு', 'எழுது' என்னும் பொருள்படும் சிறு சொற்களே அதன் கட்டளைகள். தமிழில் வினை இறுதியில் வரும், ஷெல்லில் வினை முதலில் வரும், செயப்படுபொருள் பின்வரும். இத்தகைய கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கோப்பாக்கி வைத்தால் அது ஷெல் ஸ்கிரிப்ட் ஆகும். நாம் அதனைக் கட்டளைச் சுவடி என்போம். ஒருமுறை எண்ணி எழுதினால், பலமுறை எண்ணாமலே அது வேலை செய்யும். அதன் பெருமையும் அதுவே. அதன் ஆபத்தும் அதுவே.

வியங்கோளும் தண்டமும்

செயல்முறையை நிறுத்தும் கட்டளைக்குக் கில் என்று பெயர். கொல் என்பது அதன் பொருள். ஆயினும் அக்கட்டளை உண்மையிற் செய்வது ஒரு குறிப்பை அனுப்புதலே. குறிப்பு இன்னதெனச் சொல்லாவிடின் 15 என்னும் எண்ணுடைய குறிப்புச் செல்லும். 'நின் வேலையை முடித்துக்கொண்டு நிற்க' என்பது அதன் கருத்து. அதனைப் பெற்ற செயல்முறை திறந்த கோப்புகளை மூடி, சேமிக்க வேண்டியதைச் சேமித்து, சேய்களுக்கு விடை கொடுத்துத் தானே முடியலாம். நம் இலக்கணத்தில் 'நில்' என்பது ஏவல். 'நிற்க' என்பது வியங்கோள். வேண்டிக்கோடற் பொருளிலும் வியங்கோள் வருமன்றோ? 15 என்னும் குறிப்பு அத்தகைய வியங்கோளே. கேட்ட செயல்முறை இணங்கவும் செய்யலாம், மறுக்கவும் செய்யலாம்.

9 என்னும் குறிப்போ வேறு வகையினது. அது செயல்முறையின் காதுக்கே போவதில்லை. கெர்னல் நேரே அதனை முடித்துவிடும். மறுக்க வழியில்லை, கோப்பை மூட நேரமில்லை. பாதி எழுதிய கோப்பு பாதியிலேயே நிற்கும். இது தண்டம். சாமம், தானம், பேதம், தண்டம் என நம் முன்னோர் வகுத்த நால்வகை உபாயத்தில் தண்டம் இறுதியில் வைக்கப்பட்டதன் காரணத்தை இங்கும் காணலாம். முதலில் 15, சற்றுக் காத்திருத்தல், பின்னரும் நில்லாவிடின் மட்டுமே 9. இவ்வொழுங்கை மாற்றி எடுத்த எடுப்பிலேயே 9-ஐ விடுப்பவர், கதவைத் தட்டாமலே உடைப்பவரை ஒப்பர்.

இவ்விரண்டிற்கும் இடையில் நல்லதொரு வழியும் உண்டு. இலினக்சு இயங்கும் பெரும்பாலான கணினிகளில் 19 என்னும் குறிப்பு ஒரு செயல்முறையை முடிக்காமல் உறையச் செய்யும்; 18 என்னும் குறிப்பு விட்ட இடத்திலிருந்து தொடரச் செய்யும். ஆயின் உறைந்தது நினைவகத்தில் தன் இடத்தை உடனே காலி செய்வதில்லை. செயலகத்தின் நேரத்தையே விடுவிக்கும். நோய் எது என்று அறிந்தே மருந்து கொடுத்தல் வேண்டும்.

சுவடியின் அமைப்பு

இனிக் கட்டளைச் சுவடியை எழுதும் முறையைக் காண்போம். முதல் வரி, இச்சுவடியை எந்த ஷெல் படிக்க வேண்டும் என்பதை அறிவிக்கும். இரண்டாவதாக, நிறுத்த வேண்டியவற்றின் பெயர்ப்பட்டியல். மூன்றாவதாக, பட்டியலில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக எடுக்கும் சுற்று. ஒவ்வொரு பெயருக்கும் சுவடி செய்யும் வேலை ஐந்து:

1. அப்பெயருடைய செயல்முறை உள்ளதா எனத் தேடுதல்.
2. உள்ளதாயின் 15 என்னும் குறிப்பை அனுப்புதல்.
3. பத்து நொடி காத்திருத்தல்.
4. மீண்டும் அதே பெயரைத் தேடிப் பார்த்தல்.
5. நின்றது, நில்லாதது இரண்டையும் நாளும் நேரமும் இட்டு ஒரு பதிவேட்டில் எழுதுதல்.

நான்காவது படியில் எண்ணை நம்பாமல் பெயரை மீண்டும் தேடுவதற்குக் காரணம் உண்டு. செயல்முறைகளுக்கு வழங்கும் எண்கள் ஓர் எல்லையை எட்டியபின் சிறிய எண்ணிலிருந்து மீண்டும் வழங்கப்படும். இலினக்சில் நெடுங்காலம் வழக்கிலிருந்த எல்லை 32768. ஒரு செயல்முறை முடிந்தபின் அதன் எண் வேறொன்றுக்குப் போதல் கூடும். பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு தண்டிப்பவர் குடிமாறிய வீட்டில் புதிதாய் வந்தவரைத் தண்டிப்பவர் ஆவர்.

தேடும் முறையிலும் கருத்து வேண்டும். கொட்டிவாக்கத்துக் குப்பத்தில் மீனவரைக் கேளுங்கள். பிடிக்கும் மீனுக்குத் தக்கபடி வலைக்கண்ணின் அளவு மாறும் என்பர். கண் மிகச் சிறிதாயின் வேண்டாத குஞ்சும் அகப்படும். பெயரின் ஒரு பகுதியை மட்டும் கொடுத்துத் தேடுதல் அத்தகைய சிறுகண் வலை. 'அச்சு' எனத் தேடின் 'அச்சுப்பணி' முதலாக அவ்வெழுத்துகளைத் தம்முள் கொண்ட பெயர்கள் யாவும் அகப்படும். ஆகலின் முழுப்பெயரும் ஒத்திருந்தாலன்றித் தொடலாகாது என்றும், என் பெயரில் இயங்குவனவற்றை மட்டுமே தேடுக என்றும் சுவடியில் வரையறுத்தல் வேண்டும். எளிய பயனர் ஒருவர் தம்முடைய செயல்முறைகளுக்கே குறிப்பு அனுப்ப இயலும். பிறருடையவற்றுக்கு அனுப்பினால் கெர்னல் மறுத்துவிடும். இது காவல். ரூட் என்னும் தலைமைப் பயனருக்கு இக்காவல் இல்லை. எனவே இத்தகைய சுவடியைத் தலைமைப் பயனராக இருந்து இயக்குதல் ஆகாது.

எழுதிய சுவடியை உடனே ஏவுதலும் கூடாது. முதலில் குறிப்பு அனுப்பும் வரியை நீக்கி, 'இதனை நிறுத்துவேன்' என்று திரையில் எழுதும் வரியை அங்கு வைத்து ஒத்திகை பார்த்தல் வேண்டும். எதிர்பாராத பெயர் ஒன்று திரையில் தோன்றின், சுவடி திருத்தம் கேட்கின்றது என்று பொருள். 9 என்னும் தண்டத்தைச் சுவடியில் எழுதாமல், பதிவேட்டைப் பார்த்தபின் நம் கையாலேயே விடுத்தல் தொடக்கத்தில் நன்று.

எதை நிறுத்துவது? எதை விடுவது?

பட்டியலை வகுப்பதே இவ்வேலையின் உயிர்நாடி. அச்சுப்பொறி இல்லாத வீட்டில் அச்சுப்பணி வேண்டுவதில்லை. கோப்புகளை எல்லாம் படித்து அட்டவணை ஆக்கும் பணி பழைய வட்டினை ஓயாது உழக்கும். அதனை நிறுத்தினால் தேடுதல் சிறிது மெதுவாகுமேயன்றி வேறு கேடில்லை. இயங்குதளத்தைப் புதுப்பிக்கும் பணியோ அன்னதன்று. அவசர வேலை முடியுமட்டும் அதனை ஒத்திவைக்கலாம். ஆனால் அது புதியனவற்றை நிறுவிக்கொண்டிருக்கும் நடுவில் நிறுத்தினால் கணினியே கெடலாம். என்றும் நிறுத்தி வைத்தால் கள்வர் புகும் ஓட்டை அடைபடாது போகும். பெயர் தெரியாதது எதுவாயினும் அதன் பணியை அறிந்த பின்னரே கைவைத்தல் வேண்டும். திருக்குறளில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்திருத்தலை நினைவு கூர்க. இவ்வேலைக்கும் அவ்வரிசையே பொருந்தும்.

நிறுத்திய சில நொடிகளில் மீண்டும் தோன்றும் செயல்முறையும் உண்டு. தாயாக நின்று காக்கும் பணி மேலாளர், சேய் வீழ்ந்ததும் மற்றொன்றை எழுப்பும். மூலச் செயல்முறையாக இன்று பல இலினக்சு வகைகளில் இயங்கும் சிஸ்டம்டி 2010-இல் வெளிவந்தது. தன் பொறுப்பிலுள்ள பணி வீழ்ந்தால் மீண்டும் எழுப்புமாறு அதற்கு ஆணையிட இயலும். அங்ஙனம் எழுவதை அடிக்கடி கொல்வதற்கென ஒரு சுவடியை நாள்முழுதும் சுழலவிடுதல், வேரை விட்டு இலையைக் கிள்ளுதல் போலாம். அச்சுவடியே மற்றொரு களையாகிவிடும்! அப்பணியைத் தொடங்கவேண்டா என மேலாளரிடம் சொல்லி வைப்பதே வேரறுக்கும் வழி. சாம்பி எனப்படும் செயல்முறை மற்றொரு வகை. அது முன்னரே முடிந்தது. அதன் முடிவைத் தாய் கேட்டறியாமையால் பெயர் மட்டும் பட்டியலில் நிற்கின்றது. இறந்ததை மீண்டும் கொல்ல இயலாது. தாயின் குறையையே களைதல் வேண்டும்.

பிறர் எழுதிய சுவடி

பிறர் எழுதிய கட்டளைச் சுவடியை வாங்கி இயக்குவோர் ஓர் உண்மையை மறத்தலாகாது. இயங்கும்போது அச்சுவடி எழுதியவர் ஆணையாக நிற்பதில்லை. உங்கள் ஆணையாகவே நிற்கும். உங்கள் கோப்பை நீங்கள் அழிக்க இயலுமாயின், அதுவும் அழிக்க இயலும். படியாமல் ஒப்பமிட்ட ஓலைக்கும் ஒப்பமிட்டவரே பொறுப்பு என்பது நம் ஊர் வழக்கு. ஒவ்வொரு வரியும் என்ன செய்கின்றது என்று சொல்லத் தெரிந்தாலன்றி அதனை இயக்காதீர்கள். பள்ளிக் கணினியிலோ பிறர் கணினியிலோ, உடையவரின் இசைவின்றிச் செயல்முறைகளை நிறுத்துதலும் தகாது.

முடிவுரை

விண்ணப்பம் நிரப்ப அமர்ந்த அத்தம்பி இவற்றை அறிந்திருப்பின் செய்வது யாது? முதலில் எழுதியதைச் சேமிப்பான். செயல்முறைப் பட்டியலை நோக்கி, நினைவகத்தை மிகுதியாகக் கொண்டவை எவை எனக் காண்பான். தான் திறந்து மறந்த சாளரங்களை மூடுவான். பின்னர், முன்பே ஒத்திகை பார்த்து வைத்த சுவடியை ஏவுவான். சில நொடிகளில் வட்டின் இரைச்சல் அடங்கும். விசைகள் விரலுக்கு இணங்கும். மறுநாள் பதிவேட்டைப் படித்து, அடிக்கடி தோன்றும் பணியை வேரோடு நிறுத்துவான்.

மாணவர்களே! சிறிய கருவியைக் கொண்டு பெரிய வேலையை முடித்தல் அறிவின் அடையாளம். புதிய கருவி வாங்கப் பொருள் வேண்டும்; உள்ள கருவியைச் செம்மையாக ஆள அறிவு போதும். ஆணையிடும் ஆற்றல் கைக்கு வரும்போது, அறிந்து ஆணையிடுக, முதலில் வேண்டிக்கொள்க, காத்திருக்க, செய்ததை எழுதி வைக்க. இந்நான்கும் கணினிக்கு மட்டும் உரியவை அல்ல. மக்களை நடத்தும் பொறுப்பு நாளை உங்கள் கைக்கு வரும்போதும் இவையே துணை நிற்கும்.

வினாக்கள்

1. நிரலுக்கும் செயல்முறைக்கும் உள்ள வேற்றுமை யாது?
2. கணினி தளர்வதற்குரிய இரு காரணங்களை விளக்குக.
3. 15 என்னும் குறிப்பை வியங்கோளுக்கு ஒப்பிட்டது ஏன்? 9 என்னும் குறிப்பு அதனின் எவ்வாறு வேறுபடும்?
4. பெயரின் ஒரு பகுதியைக் கொண்டு தேடுதலால் வரும் கேடு யாது? வலைக்கண் உவமையை விளக்குக.
5. நிறுத்தியும் மீண்டும் தோன்றும் செயல்முறையை எவ்வாறு களைதல் வேண்டும்?